வெயில் மலை மேல... வீடு மரத்தடியில! சிதறாலில் ஒரு சூரிய மின்சாரத் தேடல்

மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்கு ஏழு கிலோமீட்டர்தான். வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியதுமே இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம் ஆரம்பித்துவிடுகிறது. வரிசை வரிசையாக மரங்கள், இடுப்பு உயரத்தில் கட்டிய சிரட்டைகள், பட்டையில் பால் வடிந்த வெள்ளைக் கோடுகள். நடுநடுவே தென்னை, பலா, வாழை. வீடுகள் இருக்கின்றன. ஆனால், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு டூர் வருகிறவர்கள் விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சிதறால் அந்த லிஸ்ட்டில் வருவது குறைவு. நான் இங்கே வந்ததற்கு மலைக்கோயில் பாதிக் காரணம். மீதிப் பாதி, இந்தப் பக்கத்துத் தோழி ஒருத்தி கேட்ட கேள்வி. ‘கூரையில சோலார் போடுங்க, மானியம் தர்றோம்னு சொல்றாங்களே, கூரை மேல வெயிலே விழாத ஊர்ல என்ன பண்றது?’

சென்னையில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாத கேள்வி. வந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமண முனிவர்கள். சொக்கன்தூங்கி மலை என்றும் சொல்கிறார்கள். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மெதுவாக ஏறுகிறது. செங்குத்து ஏற்றம் இல்லை. தாத்தா பாட்டியைக்கூட நிதானமாக உட்கார வைத்து உட்கார வைத்து அழைத்துப் போகலாம். வழி நெடுக மரநிழல். மேலே போகப் போக மரங்கள் விலகி, பெரிய பெரிய பாறைகள் வருகின்றன. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு வழி. அதில் நுழைந்து வெளியே வந்தால், மேலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு ராட்சசப் பாறையும், அதன் அடியில் ஒதுங்கிக்கொண்ட கோயிலும் கண்ணில் படுகின்றன.

அந்தப் பாறையின் முகத்தில்தான் சிற்பங்கள். தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பாம்பு படமெடுத்துக் குடை பிடிக்க நிற்கிறார் பார்சுவநாதர். சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் அம்பிகா. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னர்கள் காலத்தில் இது பெரிய சமணத் தலமாக இருந்தது. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-வது ஆட்சியாண்டில், குணந்தாங்கி குறத்திகள் என்ற பெண் துறவி, இந்தக் கோயில் தேவிக்குப் பொன் அணி கொடுத்த செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. ‘குறத்தி’ என்பது அன்றைக்குச் சமணப் பெண் துறவிகளைக் குறித்த சொல். இவர் அரட்டநேமி படாரரின் மாணவி என்று குருவின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் யார் கொடுத்தார், எந்த ஆண்டில் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று ஊர் படிக்கும்படி கல்லில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோயிலைத் தாண்டிப் பாறையின் உச்சிக்கு ஏறினால் வெயில் சுள்ளென்று முகத்தில் அறைகிறது. ஒரு மறைப்பு கிடையாது. கிழக்கிலும் வடக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரிகிறது. கீழே தாமிரபரணி வளைந்து போகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குழித்துறை வழியாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும் குமரியின் சொந்தத் தாமிரபரணி.

அங்கே நின்றபடி ஊரின் கூரைகளை எண்ண முயன்றேன். எண்ண முடியவில்லை. எங்கு பார்த்தாலும் பச்சை. அந்தப் பச்சையின் இடுக்கில் அங்கங்கே ஒரு சிவப்பு ஓடு, ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான கூரை. தோழியின் கேள்வி அப்போது முழுசாகப் புரிந்தது. வெயில் எல்லாம் ஆள் இல்லாத இந்தப் பாறை மேல் கொட்டுகிறது. ஆட்கள் எல்லாம் கீழே நிழலில் இருக்கிறார்கள்.

சரி, பாறை மேலேயே பேனல் போட்டுவிடலாமே என்றால் அதற்கு வழியில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை எதையும் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் எதையும் செய்ய முடியும். அந்தச் சட்டம் இருப்பதும் நல்லதே. தீர்த்தங்கரர் தலைக்கு மேல் இன்வெர்ட்டர் தொங்குவதை யார்தான் பார்க்க விரும்புவார்கள்?

“பலா மரத்த வெட்டச் சொல்லுதியா?”

அடிவாரத்தில் ஒரு சின்னச் சாயாக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏத்தங்காய் பஜ்ஜி. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும்.

“எங்கயிருந்து வாறிய மக்ளே?”

சென்னை என்றேன். சோலார் பற்றி எழுத வந்திருப்பதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“இஞ்ச எங்க வெயிலு இருக்கு, சோலார் வைக்கதுக்கு? எனக்க வீட்டுக்கு மேல ஒரு பலா மரம் நிக்குது, பாத்தியா? எனக்க மாமியார் நட்டது. கரண்டு பில்லுக்காண்டி அத வெட்டச் சொல்லுதியா?”

“வெட்ட வேண்டாம்மா. வேற இடத்துல வைக்க முடியுமான்னுதான் கேக்க வந்தேன்.”

“வேற இடம்னா? இருக்கது ஏழு சென்டு. ஓட்டு வீடு. உத்தரம் எல்லாம் செதலு அரிச்சாச்சு. அதுக்கு மேல கண்ணாடிப் பலகையக் கொண்டு வச்சா ஓடு தாங்குமா மக்ளே?”

சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு, “மழ பெஞ்சா ரெண்டு நாளு கரண்டே வராது, அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன் அம்மா.

அவர் சொன்னதில் இருக்கிற தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழலே விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலுக்கு அது நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் வரை தரும். பேனல்களை வரிசையாக இணைத்திருப்பதால், ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கிவிடும். திருவிழா சீரியல் பல்பில் ஒன்று போனால் வரிசையே மங்கும் இல்லையா, கிட்டத்தட்ட அதுபோல. குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஏற்கெனவே வெயில் நாள்கள் குறைவு. இதில் பலா மரமும் தென்னையும் சேர்ந்தால் போட்ட காசு திரும்புமா என்பது சந்தேகம்தான். ரப்பர் இலை உதிர்க்கிற ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் இந்த ஊர்க் கூரைகள் கொஞ்சம் வானம் பார்க்கும்.

மத்திய அரசின் ‘பி.எம் சூர்ய கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட்டுக்கு அரசு போட்டிருக்கும் அடிப்படை விலை 1,45,000. அதாவது பாதிக்கு மேல் அரசு தருகிறது. தாராளமான திட்டம், சந்தேகமில்லை.

ஆனால், யாருக்கு? சொந்த வீடு வேண்டும். பேனலைத் தாங்கும் தளம் வேண்டும். தளத்தில் வெயில் விழ வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முதலில் கையில் பணமோ கடன் வாங்கும் தகுதியோ வேண்டும். வாடகை வீட்டுக்காரர் இந்த வரிசையிலேயே இல்லை. சாயாக்கடை அம்மா இரண்டாவது நிபந்தனையிலேயே கழன்றுவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குறைவாகச் செலவழிக்கும் குடும்பத்துக்கு பில் ஏற்கெனவே சொற்பம். அவர்கள் லட்ச ரூபாய் போட்டு பேனல் வைப்பதில் அர்த்தமே இல்லை. ஆக, மானியத்தின் பெரும் பலன் ஏ.சி ஓடுகிற, மொட்டை மாடி உள்ள வீட்டுக்கே போகும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. என் சித்தப்பாவும் அந்த லிஸ்ட்டில்தான் இருக்கிறார். ஆனால், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் மரத்தடி வீட்டைத் தாண்டிப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மில்லுக்கு முடியும்... வீட்டுக்கு?

இதே மாவட்டத்தின் கிழக்கு எல்லைக்குப் போனால் ஒரு பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல். கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வரும் இடம். நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று இங்கேதான், சுமார் 1,500 மெகாவாட். பேருந்து ஜன்னலில் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்களே, அந்தக் காற்றாலைகளில் பல, கொங்கு மண்டலத்து நூற்பாலைகளுக்குச் சொந்தமானவை. இங்கே காற்றாலை சுற்றும். மின்சாரம் மின்வாரியக் கம்பியில் கலக்கும். எத்தனை யூனிட் கலந்ததோ, அதற்கேற்ப அங்கே மில்லின் பில்லில் கழிப்பார்கள். கம்பியைப் பயன்படுத்தியதற்கு வாடகை மாதிரி ஒரு கட்டணம். மில்லின் கூரையில் காற்று வீச வேண்டிய அவசியமே இல்லை.

‘சமுதாய சோலார்’ என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதும் இதே கணக்குதான். நல்ல வெயில் விழும் ஓர் இடத்தில் பொதுவாக ஒரு சோலார் நிலையம். ஐம்பது வீடு, நூறு வீடு அதில் பங்கு வைத்திருக்கும். விளையும் மின்சாரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் உரியது அந்தந்த வீட்டு பில்லில் கழியும். டெல்லி 2019-லேயே இதற்கு விதிமுறை கொண்டுவந்துவிட்டது. மற்ற மாநிலங்களின் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக யோசிக்கின்றன.

மில் முதலாளி பல வருடங்களாகச் செய்வதை ஓர் ஊரால் செய்ய முடியுமா? தமிழ்நாட்டில் ஓர் ஊர் செய்து காட்டியிருக்கிறது.

கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. 1996-லிருந்து பத்து வருஷம் ஆர்.சண்முகம் தலைவராக இருந்தார். தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஊராட்சியின் வருமானத்தை விழுங்க ஆரம்பித்தபோது, முதலில் தெருவிளக்கில் சில இடங்களில் சோலார் போட்டுப் பார்த்தார்கள். 2003-ல் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவி வைத்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகு பெரிதாக ஒன்று செய்தார்கள். 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. ஓடந்துறையில் அவ்வளவு காற்று இல்லை. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் 2006-ல் நிறுவினார்கள். வருஷத்துக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் அளவுக்கு விளைந்தது. ஊராட்சியின் தேவை சுமார் நாலரை லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கடன் தவணை அதிலிருந்தே போனது.

‘நம்ம ஊர்ல காற்று இல்லை’ என்று ஓடந்துறை உட்கார்ந்துவிடவில்லை. ‘நம்ம கூரையில வெயில் இல்லை’ என்று சிதறால் மட்டும் ஏன் உட்கார வேண்டும்?

ஒரு மனக்கணக்குப் போட்டேன். ஒரு பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக் கூடத்தின் மேல் 5,000 சதுர அடி நல்ல கூரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவாட் போடலாம். நாளுக்கு 200 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 12,000 யூனிட். அறுபது வீடு பங்கு எடுத்தால் வீட்டுக்கு 200 யூனிட். குமரியின் மழைக்காக அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கிலோவாட்டுக்கு 45,000 முதல் 50,000 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 22 முதல் 25 லட்சம், ஒரு வீட்டுக்கு 40,000 ரூபாய் சுமாருக்கு. வங்கிக்கு ஒரு தனி ஆள் போய்க் கேட்பதும், மகளிர் குழுக் கூட்டமைப்பும் கூட்டுறவு வங்கியும் ஊராட்சியும் சேர்ந்து போய்க் கேட்பதும் ஒன்றாக இருக்காது. பள்ளிக்கு லீவு விட்டாலும் பேனலுக்கு லீவு இல்லை என்பது கூடுதல் லாபம்.

வீட்டு பில்லில் கழிக்கும் அனுமதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குடிநீர் மோட்டார் அறை, ஊராட்சி அலுவலகம் என்று ஊரின் சொந்த இணைப்புகளில் ஆரம்பிக்கலாம். அங்கே மிச்சமாகும் பணம் ஊருக்குத்தானே. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்கும் மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. நகரத்துச் சங்கத்துக்கு உள்ளதைப் போல கிராமத்துச் சங்கத்துக்கும் கேட்கலாம்.

சாகாத ஆடு, சாகிற பேட்டரி

கூட்டாக ஆரம்பிப்பது சுலபம். பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பீகாரில் தர்னை என்று ஒரு கிராமம். 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தது. சுமார் 450 வீடுகள், தெருவிளக்குகள், பாசன மோட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நாளிலேயே அரசின் மின்கம்பியும் ஊருக்கு வந்துவிட்டது. சோலார் யூனிட்டின் விலை அரசு மின்சாரத்தைவிட அதிகம். அதில் ஃபிரிட்ஜ், ஹீட்டர் மாதிரி பெரிய சாதனங்களை ஓட்ட முடியாது. சில வருஷங்களில் பேட்டரிகள் கெட்டன. மாற்ற யாரிடமும் பணம் இல்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள்.

தர்னை மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திட்டம் வெளியே இருந்து வந்தது. பேட்டரி செத்தால் யார் பொறுப்பு என்பதற்குப் பதில் இல்லாமலே திறப்பு விழா நடந்துவிட்டது.

நம் பழைய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்ற சொல் தெரிந்திருக்கும். ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆசைப்படுகிறார். பணமாகக் கொடுத்தால் செலவாகிவிடும். அதனால் ஆடுகளாகக் கொடுப்பார். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். ஊர் இடையர் அவற்றை வளர்த்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகுமே? சாகும். கிழடும் ஆகும். ஆனால், குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி அதே 96-ஐக் காட்டுவது வளர்ப்பவரின் பொறுப்பு. அதனால்தான் கணக்கில் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள். கொடுத்தவர் பெயர், வளர்ப்பவர் பொறுப்பு, அளக்க வேண்டிய நெய் எல்லாம் கல்லில் இருக்கும். கோயில் ஒரு பங்குதாரர், ஊர் ஒரு பங்குதாரர், இடையர் ஒரு பங்குதாரர்.

சிதறால் குறத்தியின் கல்வெட்டு விளக்குக்கானது இல்லை, அணிகலனுக்கானது. ஆனால், ‘இன்னார் இன்னது கொடுத்தார்’ என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கும் அந்த வழக்கம் ஒன்றே. இன்றைய சோலார் பேனல் 25 வருஷம் உழைக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது. பத்து வருஷம் சுமாருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ரப்பர் இலையும் காக்கை எச்சமும் விழுந்தால் யாராவது ஏறித் துடைக்க வேண்டும். மின்கம்பியோடு இணைந்த நிலையம் என்றால் பேட்டரித் தொல்லை இல்லை. ஆனால், கம்பியில் கரண்ட் போனால் பாதுகாப்புக்காக அந்த சோலாரும் நின்றுவிடும். சாயாக்கடை அம்மாவின் மழைக்கால இருட்டை அது போக்காது. இதை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்ல மாட்டார்கள். அதனால், நான் சொல்லிவிடுகிறேன்.

துடைக்கவும் ரிப்பேர் பார்க்கவும் உள்ளூர் ஆட்கள் வேண்டும். ராஜஸ்தானின் துங்கர்பூரில் ஐ.ஐ.டி பாம்பேயின் உதவியோடு பழங்குடிப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் மூலம் சோலார் விளக்குகளை இணைத்து, விற்று, ரிப்பேரும் பார்த்தார்கள். பிறகு பேனல் தயாரிக்கும் கம்பெனியே அந்தப் பெண்களின் உடைமையாக உருவானது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் 2015-ல் ஒரு சோலார் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பம்பு செட்டுக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு 25 வருஷ ஒப்பந்தத்தில் மின் நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. வெறும் ஆறு பேர்!

அதே குஜராத்தில் சிதறாலுக்கு ஒரு அக்கா ஊர் இருக்கிறது, மொதேரா. பதினோராம் நூற்றாண்டு சூரியக் கோயில் உள்ள ஊர். 2022 அக்டோபரில் நாட்டின் முதல் முழுநேர சோலார் கிராமமாக அறிவித்தார்கள். 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரையில் ஒரு கிலோவாட் பேனல், பக்கத்து சுஜ்ஜன்புராவில் 6 மெகாவாட் நிலையம், இரவுக்காகப் பெரிய பேட்டரி. பழைமையான கோயிலும் சோலாரும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதற்கு உதாரணம். ஆனால், அது 80 கோடி ரூபாய் அரசுப் பணத்தில் நடந்தது. எல்லா ஊருக்கும் அப்படி வாய்க்காது.

தேன் பெட்டி தெரிந்த ஊர்

கூட்டாகச் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராம மறுகட்டமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே சொல்லிக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பு ஒன்று. இன்றைக்கு மார்த்தாண்டம் தேன் என்றால் ஊரே அறியும். தேனீ வளர்ப்போருக்குக் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. அந்த முறையைப் பாருங்கள். பெட்டி அவரவருக்குச் சொந்தம். ஆனால், பெட்டியை வைப்பது பெரும்பாலும் அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில். ரப்பர் துளிர் விடும் காலத்தில் இளம் இலைக் காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீ எடுத்துவரும். பெட்டிக்காரருக்குத் தோட்டம் இருக்க வேண்டியதில்லை. தோட்டக்காரர் பெட்டி வாங்க வேண்டியதில்லை. சுத்திகரிப்பும் விற்பனையும் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

தேன் பெட்டி இருக்கும் இடத்தில் பேனலை வைத்துப் பாருங்கள். அடுத்தவர் கூரை, என் பங்கு, பொதுவான சங்கம். குமரிக்காரருக்கு இதைப் புரியவைக்க பவர்பாயின்ட் தேவையில்லை. ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள், தேவாலயக் கமிட்டிகள், கோயில் கமிட்டிகள், வாசகசாலைகள், மகளிர் குழுக்கள் என்று கணக்கு எழுதி, ஆண்டுக் கூட்டம் போட்டு, சண்டை பிடித்து, மறுபடி சேர்ந்து நடத்திப் பழகிய அமைப்புகள் இந்த மாவட்டத்தில் நிறைய. பெரிய, நிழலில்லாத கூரைகளும் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

பணத்துக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. பி.எம் சூர்ய கர் திட்டத்திலேயே ‘மாதிரி சோலார் கிராமம்’ என்று 800 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 5,000 பேருக்கு மேல் உள்ள வருவாய்க் கிராமங்கள் மாவட்ட அளவில் போட்டியிடும். அதிக அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் அமைக்கும் கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய். குமரியின் கிராமங்கள் மக்கள் நெருக்கமானவை. இந்த எண்ணிக்கை இங்கே தடையாக இருக்காது.

திரும்பி வரும்போது சாயாக்கடையில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“பள்ளிக்கூடத்துக்கு மேல வச்சா எனக்க பில்லு குறையும்னு சொல்லுதிய, சரி. அது கேடாச்சுன்னா ஆரு பாப்பா?”

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அம்மாவின் கேள்வியை அப்படியே அங்கே கேட்கலாம். பதிலைத் தீர்மான நோட்டில் பெயர், தொகை, பொறுப்போடு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பேனலுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.